முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்திய டெக்னோ

பணம் கட்டாத ஒருவரின் மின் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன், அவருக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, முழுசாகப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்த நாளும் துண்டிக்கும் நாளும் கணக்கில் சேராது. மின்சார இலாகாவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த விதியைப் பாடம் எடுத்தவன் நான்தான். (தூங்கியவர்களை எழுப்பி, திரும்பச் சொல்லவும் வைத்தவன்.) என் மகள் மீரா யாருக்கும் எந்தப் பாக்கியும் வைக்கவில்லை. அவளுக்கு நான் பதினைந்து விநாடிகூடக் கொடுக்கவில்லை.

மீரா விளம்பரப் படங்களுக்கு ஒலி சேர்க்கிறாள். அது சம்பளத்துக்கு. மனசுக்காகச் செய்வது டெக்னோ என்கிற மின்னணு இசை. அதிலும் மேளதாளம் போல அடிக்கிற டெக்னோ இல்லை. பரிசோதனை டெக்னோவாம், அண்டர்கிரவுண்டாம். எங்கள் இலாகாவில் அண்டர்கிரவுண்ட் என்றால் கேபிள். இவர்களுக்கு அது பட்டப்பகலில், செம்பூரில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் முற்றத்தில், ஜனவரி வெயிலில் நடந்தது.

அதுவரை அவள் என்னை எந்த நிகழ்ச்சிக்கும் கூப்பிட்டதில்லை. இதற்குக் கூப்பிட்டாள். "வெளிநாட்டுலேர்ந்து ரெண்டு பேர் வராங்கப்பா. அவங்க ஃபெஸ்டிவலுக்கு இங்கேருந்து ஒரே ஒருத்தரை எடுப்பாங்க. எனக்கு இருபது நிமிஷம் ஸ்லாட். நீங்க சும்மா உக்காந்து கேட்டா போதும்."

'சும்மா' என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னாள். அதுவே முறையான அறிவிப்பு என்று இப்போது புரிகிறது.

நானும் என் மனைவி கமலாவும் மாட்டுங்காவிலிருந்து டாக்சி பிடித்துப் போனோம். வாசலில் டிக்கெட் கிழித்த பெண்ணிடம் ஒலிபெருக்கி அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, தற்காலிக மின் இணைப்புக்கான ஒப்புதல் மூன்றையும் கேட்டேன். மூன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"கல்யாணத்துக்கு வந்தாலும் இப்படித்தான், காதுகுத்துக்கு வந்தாலும் இப்படித்தான்" என்றாள் கமலா, அந்தப் பெண்ணிடம். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினாள்.

உள்ளே நூறு பேர் இருப்பார்கள். அந்த வெயிலிலும் எல்லோரும் கறுப்புச் சட்டை. நடனம் என்று எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, குர்லாவுக்கு முன்னால் சிக்னலில் நின்றுவிட்ட லோக்கல் ரயிலில் நிற்பவர்களைப் போல லேசாக ஆடினார்கள். மேடையில் ஒரு தாடிக்காரர் இரும்புத் தகட்டின் மேல் மைக்கை ஒட்டி, அதை ரம்பத்தால் அரைமணி நேரம் சுரண்டினார். கைதட்டினார்கள். எனக்குப் பல் கூசியது.

ஸ்பீக்கர் கொடுத்தவர் தாராவியில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் சுடலைமுத்து. கோயில் கொடை, கணபதி ஊர்வலம் இதெல்லாம்தான் அவர் தொழில். பெரிய ஸ்பீக்கரின் நிழலில் உட்கார்ந்து வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாட்டுய்யா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். ஆனா பாருங்க, ஒருத்தன்கூட 'அந்தப் பாட்டப் போடு, இந்தப் பாட்டப் போடு'ன்னு சண்டைக்கு வரல. மரியாதப்பட்ட கூட்டம்."

பிறகு மீரா ஏறினாள். மேசையில் வரிசையாக இரும்புப் பெட்டிகள், அவற்றுக்கிடையே நூடுல்ஸ் மாதிரி வயர். முதலில் ஒரு முனகல். அது மெல்லக் கனத்து, நாற்காலிக் காலில் அதிர்ந்தது. அந்த முனகலை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் அதைக் கேட்டுத்தான் சோறு சாப்பிட்டேன். எங்கேயோ எர்த் கோளாறு. பிறகு சடசடவென்று ஒரு சத்தம். லூஸ் கனெக்‌ஷன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. யாருமே கண்ணைத் திறக்கவில்லை. என் மகளின் இரண்டு கையும் அந்த இரும்புப் பெட்டிகளின் மேல் இருந்தன.

பெட்டியில் கை வைத்தபடியே உயிர் போன ஒரு ஊழியரை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

ஆபத்து என்றால் ஆளை நோக்கி ஓடக்கூடாது. முதலில் சப்ளையை நிறுத்த வேண்டும். இதையும் நான்தான் பாடம் எடுத்தேன். சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில் இருந்த மெயின் ஸ்விட்சை நோக்கி, அறுபத்தாறு வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன். "எர்த் இல்ல, எர்த் இல்ல" என்று கத்திக்கொண்டே கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.

டக்.

செம்பூர் முழுக்க நின்றுபோன மாதிரி அமைதி. ஒரு காகம் மட்டும் கத்தியது. பிறகு நூறு பேரும் கைதட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்களாம். வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் என்னிடம் வந்து, ஒவ்வொரு முறையும் இந்தச் சட்டையில்தான் செய்வீர்களா என்று பணிவாகக் கேட்டார்.

சுடலைமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன காரியம் பண்ணிட்டிய சார்? எனக்கும் முதல்ல எர்த்துன்னுதான் பட்டுச்சு. ஆனா பாப்பா காலையிலயே சொல்லிட்டுல்லா, 'அண்ணாச்சி, என்ன சத்தம் வந்தாலும் கைய வச்சிராதீய'ன்னு."

அவருக்கு முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டிருந்தது.

பெட்டிகளையெல்லாம் மறுபடி உயிர்ப்பித்து, பழைய இடத்துக்குக் கொண்டுவருவதற்குள் மீராவின் இருபது நிமிஷம் முடிந்துவிட்டது. அடுத்த ஆள் மேடையேறிவிட்டார். வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவளிடம் போய், அந்த எர்த்தை ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது என்றேன். (இன்றுவரை கமலா என்னை மன்னிக்காதது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.)

"ஜானே தோ அப்பா, விடுங்க" என்றாள் மீரா. அடுத்த வயரைச் சுருட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "அது ஃபால்ட் இல்ல. உங்க சப்-ஸ்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர். சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போவீங்களே, அது. போன மாசம் வேலிக்கு வெளிய நின்னு ரெகார்ட் பண்ணேன். கடைசி அஞ்சு நிமிஷத்துல அது பாட்டா மாறும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

வெளிநாட்டுக்காரர்கள் அவளையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஸ்விட்சை இழுக்கும் பெரியவரும் வரவேண்டும். மீரா மறுத்துவிட்டாள். இரும்புத் தகட்டைச் சுரண்டிய தாடிக்காரர் விமானம் ஏறினார்.

அதன்பிறகு அவள் அந்தேரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவது நின்றது. போன் வரும், அம்மாவுக்கு மட்டும். எனக்குத் தெரிந்த வழியில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: பொருள், பார்வை, நிகழ்ந்தது, விளக்கம், வருத்தம், இப்படிக்கு. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி நினைவூட்டினேன். மழைக்காலம் போனது, தீபாவளி போனது. மாட்டுங்காவில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கதை போய்ச் சேர்ந்தது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், ஃபேன் ஸ்விட்ச் பக்கம் என் கை நகர்ந்தாலே, "நோட்டீஸ் கொடுத்தாச்சா?" என்று யாராவது கேட்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார்கள்.

அடுத்த வருடம் பதில் வந்தது. ஒரே வரி, ஆங்கிலத்தில்: உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.

பணியில் இருந்த காலத்தில் இதே வரியை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. சின்ன வயதில் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் படித்திருக்கிறாள் போல. அந்த வரிக்கு இலாகாவில் என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியும்: இப்போதைக்கு ஒன்றும் நடக்காது, ஆனால் ஃபைலை மூடவில்லை.

கமலாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"உங்க பொண்ணுதான், சந்தேகமே இல்ல" என்றாள்.

பிரிண்ட் எடுத்து, வந்த தபாலுக்குப் போடுவதுபோல மூலையில் தேதி போட்டு வைத்தேன்: பிப்ரவரி 29.