குடலில் ஊறாத 'போதும்'

மருதையன் அந்தப் பெயரை மூன்று நாளாய் மனப்பாடம் செய்தார். வயலுக்குத் தண்ணீர் கட்டும்போதும் அதே முணுமுணுப்புதான். ஆக்சின்டோமாடுலின். செல்போனில் படித்தது. பாவம், மனுஷருக்கு வேறு வழி இல்லை. எட்டு கிலோ குறைக்கணும் என்று மன்னார்குடி டாக்டர் சொன்ன நாளிலிருந்து, மனைவி வானதி இனிப்பை வாசற்படி ஏறவிடவில்லை. வியாழக்கிழமை நாகநாதன் வீட்டுக் கல்யாணம். பந்தியில் அசோகா நிச்சயம். நெய் மினுங்க, தொண்டையில் தானாக வழுக்கும் அந்தப் பாசிப்பருப்பு அல்வா இல்லாவிட்டால், அந்தக் கல்யாணத்துக்குப் போவதும் ஒன்றுதான், போகாததும் ஒன்றுதான்.

புதன்கிழமை காலையில் ஆரம்பித்தார்.

"வானதி, நான் அதிகமா சாப்பிடுறது என் தப்பே இல்ல."

"பின்ன, என் தப்பா?"

"ஹார்மோன். எல்லார் குடல்லயும் தானா ஊறும். ஆக்சின்டோமாடுலின்னு பேரு."

"மாடா?"

"அந்த மாடு இல்ல. சாப்பிட்டதும் அது மூளைக்குப் போயி, போதும்னு சொல்லும். எனக்குச் சரியா ஊறல போலருக்கு."

"மாட்டுக்கே வயிறு ரொம்புனா மூஞ்சியத் திருப்பிக்கத் தெரியுதேங்க. சரி, மருந்து இல்லையா?"

"அத வச்சு உடம்பக் குறைக்கலாமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. அது வர்ற வரைக்கும் என்னைத் திட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. நாளைக்கு அந்த அசோகாவ மட்டும் கண்டுக்காத."

வானதி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு இரக்கம். "உள்ள இப்படி ஒரு குறைய வச்சுக்கிட்டிருக்கிற மனுஷன இத்தன நாளாத் திட்டிட்டேனே. நாளைக்கு உங்க இலைப்பக்கம் திரும்பக்கூட மாட்டேங்க."

மருதையனுக்குத் தலைகால் புரியவில்லை.

நம் ஊர்ப்பக்கத்துப் பந்தி தெரிந்ததுதான். கையைக் குறுக்கே நீட்டி, போதும் போதும் என்று கெஞ்சுகிற வரைக்கும் கரண்டி நிற்காது. கெஞ்சின பிறகும் ஒரு கரண்டி விழும். வியாழக்கிழமை பந்தியில் உட்கார்ந்ததும் மருதையன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். இன்றைக்குக் குறுக்கே நீட்டுவதாக இல்லை. எதிர் வரிசையில் வானதி சொன்ன சொல் தவறாமல் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

பரிமாறும் ஐயாவு அசோகாவோடு வந்தார். பக்கத்து இலையில் இரண்டு கரண்டி விழுந்தது. மருதையன் இலைக்கு வந்ததும், "போதும்" என்று தானே சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

"ஐயாவு, இங்க விழவே இல்லையே."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்களுக்குப் போதும்னு சொல்ற மாடு ஏதோ ஊறலையாமே? அண்ணனால சொல்ல முடியாது, அவருக்காக நீங்களே சொல்லிடுங்கன்னு அண்ணி காலையிலயே வந்து கேட்டுக்கிட்டாங்க. பாவமாப் போச்சுண்ணே."

சாதம் மறுபடி வந்தது. போதும். அப்பளம் வந்தது. போதும். பாயசத்துக்குப் பக்கத்து இலைக்காரரே பரிதாபப்பட்டு, "அவருக்குப் போதும்ப்பா" என்றார். மருதையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கை கழுவும் இடத்தில் வானதி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் விரலெல்லாம் நெய் மினுங்கியது.

"எனக்கு அந்த மாடு நல்லா ஊறுதுங்க. மூணாவது தடவ அசோகா வந்தப்பவே போதும்னுட்டேன்."