எதிரியாகிவிட்ட மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குழந்தைகளும் சுகமென்று நம்புகிறேன். உங்கள் தங்கையும் நானும் நலம். சண்டையிடும் நம் இரு நாடுகளுக்கிடையே தபால் கிடையாதென்பதால், இது நடுநிலை நாட்டிலுள்ள உங்கள் சித்தப்பா வழியாக வருகிறது. நடுவில் பிரித்துப் படிக்கும் தணிக்கை அதிகாரிக்கும் என் வணக்கம்.

விஷயம் இதுதான். நீங்கள் எதிரி! நான் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்கிறது. எதிரி நாட்டில் குடியிருப்பவர் இங்குள்ள கம்பெனியில் பங்கு வைத்திருந்தால் ஓட்டுப் போட முடியாது, லாபம் வாங்க முடியாது, பங்கை விற்கவும் முடியாது. நம் பொத்தான் தொழிற்சாலையில் துளைபோடும் இயந்திரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆணையை உரக்கப் படித்தேன். கணக்குப்பிள்ளை, "சார், இதோட மூணு தடவை ஆச்சு" என்றார். ஆகட்டுமே! பதினான்கு வருடமாக ஆண்டுக் கூட்டத்தில் நான் எழுந்து பித்தளைப் பொத்தான் செய்யலாம் என்பதும், நூற்றுக்கு அறுபது பங்கு வைத்திருக்கும் நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி "உக்காருங்க மாப்பிள்ளை, அடுத்த விஷயம்" என்பதும், நாற்பது பங்குக்காரன் நான் உட்கார்ந்துவிடுவதும் மறந்துபோகுமா? தேதிவாரியாகச் சொல்வேன். இன்று ஒரு பட்டாளமே பித்தளைப் பொத்தானுக்குக் காத்து நிற்கிறது, நாம் சிப்பிப் பொத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்!

உங்கள் தங்கை, "எங்க அண்ணன் ஊர்ல இல்லாத நேரம் பாத்து இந்தக் குதி குதிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள். "ஊர்ல இல்லைன்னா பரவாயில்லம்மா, எதிரி ஊர்லல்லவா இருக்காரு!" என்றேன். அன்று சாப்பாடு மேசைக்கு வரவில்லை.

உங்கள் பங்குகள் இப்போது எதிரிச் சொத்துப் பாதுகாவலர் என்ற அதிகாரியின் பொறுப்பில். அவற்றுக்கு ஓட்டுப் போடுவதும் இனி அவர்தான். பாவம், அவருக்கு உங்களைத் தெரியாதே, உங்கள் வாதங்களில் ஏமாந்துவிடக் கூடாதே என்று, நீங்கள் எதை எதை எப்படி மறுப்பீர்கள், என்ன காரணம் சொல்வீர்கள் என்றெல்லாம் பதினோரு பக்கம் எழுதி நேரில் கொடுத்தேன். பித்தளை கறுக்கும் என்ற உங்கள் வாதம் ஏழாம் பக்கத்தில். "இவ்ளோ துல்லியமா யாரும் எழுதிக் குடுத்ததில்ல சார்" என்று கையைக் குலுக்கினார். நாளை காலை பத்து மணிக்குக் கூட்டம். இனி யார் தடுப்பார்?

தங்கள் துணைவியாருக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும். போர் முடிய அவசரமொன்றுமில்லை.

இப்படிக்கு,
எதிரி அல்லாத,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கூட்டம் முடிந்தது. பாதுகாவலருக்கு இதுபோல நூற்றுநாற்பது கம்பெனியாம், எல்லாவற்றுக்கும் வர முடியாதாம். உங்கள் பங்குகளுக்குப் பிரதிநிதியாக, உங்களை நன்கறிந்த ஒருவரை நியமித்துவிட்டார். என்னை. "சொந்தக்காரர் இருந்தா எப்படி ஓட்டுப் போடுவாரோ அப்படியேதான் போடணும் சார். அதான் நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. மாத்திப் போட்டா ஜெயில்" என்று உறுதிமொழியில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். ஆகவே பத்து மணிக்கு எழுந்து பித்தளைப் பொத்தான் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். பத்து ஐந்துக்கு, ஏழாம் பக்கத்தை உரக்கப் படித்து, அறுபதுக்கு நாற்பது என்று அதைத் தோற்கடித்தேன். தலைகுனிய வைக்கும் தோல்வி. அடுத்த வாரம் மறுபடி கூட்டம் வைக்கிறேன். அதற்குள் மனம் மாறிவிட்டதாக, பித்தளைக்குச் சம்மதமென்று, ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள் மச்சான். காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.