கடைசிச் சுற்றில் நான் ஏன் அசையவில்லை என்பது பற்றி மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகனும் எட்டு மாதப் பேத்தியும் இங்கே சுகம். அங்கே அறுவைச் சிகிச்சை ஆன உங்கள் வலது முட்டியும், தனக்கு ஆகவில்லையே என்று முறைத்துக்கொண்டிருக்கும் இடது முட்டியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். அவர் சொல்லும் உடற்பயிற்சியைத் தட்டாமல் செய்யவும். (இந்த வரியை எழுதச் சொன்னதே அவர்தான்.)

கடிதம் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோப்பை வாங்கிய கையோடு போன் போட்டு "ஜெயிச்சிட்டோம் மாமா!" என்று நான் கத்தினால், "போன்ல சொல்றது காத்தோட போயிடும்மா. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு" என்று வைத்துவிட்டீர்கள். முப்பது வருஷம் திருகாணிகளைத் தரம் பார்த்தவர், எங்கள் கல்யாணப் பத்திரிகையின் ஓரம் நூலிழை கோணல் என்று அச்சகத்துக்கே திருப்பியனுப்பியவர், அப்படித்தான் சொல்வீர்கள். அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி எழுதினால் குழந்தை விழித்துக்கொள்கிறாள், இரண்டாவது வரிக்குப் பேனாவைத் தின்ன வருகிறாள். இன்றைக்குத்தான் அப்பாவும் மகளும் சேர்ந்து தூங்குகிறார்கள். யார் யாரைத் தூங்க வைத்தார்கள் என்று தெரியவில்லை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை. ஒருமுறை என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "யாரும்மா அவன், எதுக்கு இப்படித் தலைதெறிக்க ஓடறான்?" என்று கேட்டீர்கள். அது நான்தான் மாமா. ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் ஐந்து பேர், எல்லாருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். ஒரு அணி கட்டடத்துக்குள் புகுந்து குண்டு வைக்க வேண்டும். இன்னொரு அணி அதைத் தடுக்க வேண்டும், முடியாவிட்டால் வெடிப்பதற்குள் அதை அணைக்க வேண்டும். வெடித்தால் வைத்தவர்களுக்குப் புள்ளி, அணைத்தால் மற்றவர்களுக்கு. சுடப்பட்டவர்கள் அந்தச் சுற்று முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அடுத்த சுற்றில் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து வந்துவிடுவார்கள். ரத்தம் கித்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. நீங்கள் இரவில் பார்க்கும் தொடர்களில் இதைவிட அதிகம் சாகிறார்கள்.

இதில் என் வேலை கேப்டன். யார் எந்த வாசலில் நிற்பது, எப்போது பாய்வது, எப்போது பம்முவது எல்லாம் நான் சொல்ல, மற்ற நால்வரும் செய்வார்கள். கல்லூரியில் புள்ளியியல் படித்தது இதற்குத்தான் உதவுகிறது என்று தெரிந்தால் என் பேராசிரியர் வருத்தப்படுவார். குழந்தை பிறக்கும்வரை ஒரு குறையும் இல்லை. பிறந்தபிறகு, உள்ளதைச் சொல்கிறேன், கை மெதுவாகிவிட்டது. தூங்காத கண் எதிரியைப் பார்த்து, அது மூளைக்குப் போய், மூளை ஒரு கொட்டாவி விட்டு, அப்புறம் விரலுக்குச் சேதி வருவதற்குள் எதிரி என்னைச் சுட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பான். இது போதாதென்று, ஒருநாள் பயிற்சியில் மடியில் இருந்த மகளிடம், "படுத்துக்கோடா கண்ணா, அம்மா இருக்கேன்ல" என்று மைக் திறந்திருப்பது தெரியாமல் சொன்னேன். எங்கள் அணியின் நான்கு வீரர்களும், பெரியவனுக்கே இருபத்திரண்டு வயது, ஆட்டத்தில் நட்டநடு முற்றத்தில் பொத்தென்று படுத்துவிட்டார்கள். எதிரணிக்காரர்கள் அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். "ஏன்டா படுத்தீங்க?" என்றால், "நீங்க சொன்னா செய்யணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க" என்கிறார்கள். சொல்பேச்சு கேட்பதில் என் மகளைவிட அவர்கள் எவ்வளவோ மேல்.

கோச் என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனால் நெற்றியில் சுருக்கம் அதிகம். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் போட்டி நீங்க ஆடுங்க. முடிஞ்சதும் கேப்டன் நீங்களா மின்னலான்னு முடிவு பண்ணிடறேன்" என்றார். மின்னல் எங்கள் மாற்று ஆட்டக்காரி. வயது பத்தொன்பது. அவள் சுடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது, முடிந்தபிறகு தெரிந்துகொள்ளலாம். நல்ல பெண் மாமா, அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம். ஆக, இந்தப் போட்டியில் தோற்றால் எனக்கு நாற்காலி இல்லை என்பது எனக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும், பாட்டில் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்கும் உங்கள் மகனுக்கும் தெரியும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் வருவதாக இருந்தீர்கள். உங்கள் முட்டி வேறு முடிவெடுத்தது. அதனால் உங்கள் மகன் லீவு போட்டுக் குழந்தையோடு அரங்கத்துக்கே வந்தார். சத்தம் கேட்காமல் காதை மூடும் பஞ்சுக் கவசம் மாட்டி அவளைப் பார்க்க, விமானம் ஓட்ட வந்தவள் மாதிரி இருந்தாள். கவலைப்படாதீர்கள், டாக்டரிடம் கேட்டுத்தான் மாட்டினோம். இரண்டு டாக்டரிடம் கேட்டேன். மூன்றாவது டாக்டர் என்னைத் தூங்கச் சொன்னார்.

நான் மேடையில் போய் உட்கார்ந்து பையைத் திறக்கிறேன். உள்ளே ஈரத்துணி, கிலுகிலுப்பை, மாற்று உடுப்பு, பல் முளைக்கும்போது கடிக்கிற ரப்பர் யானை. ஒரே மாதிரி இரண்டு கறுப்புப் பை வாங்கியது யார் என்ற கேள்வியை இங்கே எழுப்ப விரும்பவில்லை. (உங்கள் மகன்.) என் மவுஸும் கீபோர்டும் கீழே பார்வையாளர் வரிசையில். நடுவர் வந்து கிலுகிலுப்பையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், ஆட்டிப் பார்க்கிறார், "இது அனுமதிக்கப்பட்ட கருவி இல்லையே" என்கிறார். "அது கருவி இல்ல சார், பொம்மை" என்கிறேன். "உள்ள என்ன இருக்கு?" "மணி சார்." "எதுக்கு?" எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அதற்குள் உங்கள் மகன் ஒரு கையில் மகளும் மறுகையில் பையுமாக ஓடிவந்துவிட்டார். வெளியாள் எதையும் நேரே கொடுக்கக் கூடாதாம். நடுவர் வாங்கி, மவுஸை எடுத்தால் நூல் நூலாக எச்சில். அவள் அதைக் கடித்து ரசித்திருக்கிறாள். ரப்பர் யானைக்கு ஒருநாளும் அந்த மரியாதை கிடைத்ததில்லை. கைக்குட்டையால் பிடித்துத் துடைத்துச் சோதித்துக் கொடுத்தார், பாவம். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எதிரணிக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

அரையிறுதியில் இன்னொன்று. மேடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தால் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது. ஆனால் எனக்கு எப்போதும் ஒரு அழுகை கேட்டுக்கொண்டே இருக்கிறது மாமா, குளிக்கும்போது கேட்கும், பல் தேய்க்கும்போது கேட்கும், கூண்டுக்குள்ளும் கேட்டது. நான் சுற்றுக்குச் சுற்று திரும்பி உங்கள் மகனைப் பார்க்க, அவர் ஒரு விரலைத் தூக்கினால் தூங்குகிறாள், இரண்டு விரல் என்றால் முழித்திருக்கிறாள், கையை ஆட்டினால் துணி மாற்றப் போகிறேன் என்று நல்ல மனசோடு சைகை காட்டிக்கொண்டிருந்தார். நடுவர் பார்த்தார். எதிரிகள் எத்தனை பேர், எங்கே என்று பார்வையாளர் கூட்டத்திலிருந்து கேப்டனுக்குத் தகவல் போகிறது என்று எழுதிக்கொண்டார். எங்களுக்கு எச்சரிக்கை, உங்கள் மகனுக்குத் தூணுக்குப் பின்னால் இருக்கை. "சார், குழந்தை ஒண்ணுக்குப் போனதைத்தான் சொன்னேன்" என்று அவர் கெஞ்சியது பெரிய திரையில் அரங்கம் முழுக்கத் தெரிந்ததாம். எனக்குத் தெரியாது. நான் அரையிறுதியை எப்படி ஜெயித்தேன் என்பதும் தெரியாது. நான்கு பிள்ளைகளும் சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதே நிஜம்.

இறுதிப் போட்டி. இரண்டு அணியும் சமம், ஒரே ஒரு சுற்று பாக்கி, அதில் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. நாங்கள் குண்டு வைக்கும் பக்கம். வைத்தும்விட்டோம். ஆனால் வைத்த வேகத்தில் எங்கள் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் நான் மட்டும். எதிரில் மூன்று பேர். தூணுக்குப் பின்னால் என் மகள் தூங்குகிறாளா அழுகிறாளா, தெரியாது. ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன். அசைந்தால் காலடிச் சத்தம் கேட்கும், கேட்டால் சுடுவார்கள். அதனால் அசையவில்லை.

குண்டை அணைக்க வருகிறவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள் மாமா. அணைக்கத் தொடங்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் ஒளிந்திருப்பவன் பதறி எழுந்து வருவான். அவன் வந்ததும் சுட்டுவிடலாம் என்று, சும்மா தொட்டு 'டிக்' பண்ணிவிட்டு உடனே கையை எடுத்துவிடுவார்கள். எனக்கும் 'டிக்' கேட்டது. செத்துப்போன நால்வருக்கும் பேச அனுமதி இல்லை, ஆனால் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டது என் ஹெட்போனில் கேட்டது. நான் எழவில்லை. ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது பொய் அழுகை. தொட்டிலில் போட்டதும் ஒரு சிணுங்கு சிணுங்கிவிட்டு, அம்மா வருகிறாளா என்று காது கொடுத்துக் கேட்பாளே உங்கள் பேத்தி, அதே அழுகை. சிணுங்கியபிறகு ஒரு நிசப்தம் வரும். நம்மை எதிர்பார்க்கிற நிசப்தம். அப்போது எழுந்தால் நாம் தொலைந்தோம். மறுபடி ஒரு 'டிக்'. மறுபடி நிசப்தம். மரத்துப்போன கையோடு தொட்டிலடியில் மூச்சு விடாமல் கிடக்கிற ஒருத்திக்கு இதெல்லாம் ஒரு நேரமா? நான் பாட்டுக்குக் கிடந்தேன். மூன்றாவது 'டிக்'. இந்த முறை நிசப்தம் இல்லை. நிஜமாக அழுகிறவர் யாரும் நாம் வருகிறோமா என்று பார்ப்பதில்லை மாமா. எழுந்தேன், அணைத்துக்கொண்டிருந்தவனைச் சுட்டேன். அவசரமில்லாமல் சுட்டேன், மெதுவான கைக்கு அதுதான் வரும். பக்கத்தில் காவல் நின்றவன் ஓடிவந்து அணைக்க உட்காருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அதே நொடியில் எங்கிருந்தோ மூன்றாமவன் என்னையும் சுட்டான், எங்கிருந்து என்று இன்றுவரை தெரியவில்லை. பரவாயில்லை. குண்டு வெடித்துவிட்டது.

ஹெட்போனைக் கழற்றினால் அப்படியொரு சத்தம். என் நான்கு பிள்ளைகளும் என் மேல் விழுந்து அழுகிறார்கள், பெரியவன் மூக்கை என் தோளில் துடைக்கிறான், எனக்கு அது பழக்கம்தான். மின்னல் கீழேயிருந்து ஏறிக் குதித்து வந்து, "நானா இருந்தா முதல் 'டிக்'லயே எழுந்திருப்பேங்க்கா" என்று கட்டிக்கொண்டாள். வர்ணனையாளர்கள் இதற்குப் புதிதாக ஒரு பெயர் வைத்து, எந்த நாட்டுப் பயிற்சி முறை என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்களாம். கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடிவு பண்ணிட்டேன். நீங்கதான்" என்றார். தூணுக்குப் பின்னால் ஓடினேன். உங்கள் மகன் அழுதுகொண்டிருந்தார். உங்கள் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். தற்பெருமை கூடாதுதான், ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். நான் ரொம்ப நன்றாக ஆடினேன் மாமா.

அதனால்தான் இதோடு போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்தது உலகப் போட்டி, வெளிநாட்டில், ஒரு மாதத்துக்கு மேல். உங்கள் மகனுக்கு அத்தனை லீவு கிடையாது. குழந்தையைத் தூணுக்குப் பின்னால் வைத்து வளர்க்க முடியாது. நாளைக்குக் கோச்சிடம் சொல்லி மின்னலுக்கு நாற்காலியைக் கொடுத்துவிடப் போகிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் மகன், "உன் இஷ்டம், எதுன்னாலும் பாட்டில் நான் கழுவறேன்" என்கிறார். ஜெயித்த கையோடு எழுந்திருப்பதும் ஒரு கௌரவம்தானே. எனக்கு வருத்தமே இல்லை. தயவுசெய்து நீங்களும் வருத்தப்பட வேண்டாம்.

இத்துடன் உங்கள் பேத்தி கையை மையில் நனைத்து இந்தக் காகிதத்தில் வைத்திருப்பதையே அவளுடைய வணக்கமாக ஏற்று, எங்கள் மூவரையும் வாழ்த்தும்படி கேட்டுக்கொள்ளும்,

உங்கள் அன்பு மருமகள்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டேன், அதற்குள் உங்கள் குரல்செய்தி வந்தது. "ஏம்மா, ரிப்போர்ட் இன்னும் வரலையே? ஆட்டத்தை நான் அன்னிக்கே நேரலையில பாத்துட்டேன், மறுபடியும் ரெண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் பாத்தாச்சு. நீ எப்படி எழுதறேன்னு பாக்கத்தான் கேட்டேன். பொறுமையா இருந்தது நல்லா இருந்தது. ஆனா மாடி சன்னல்ல ஒருத்தன் ஆரம்பத்துலேர்ந்தே நிக்கறான், நீ ஒரு தடவைகூட நிமிந்து பாக்கல. உலகப் போட்டியில அவனுங்க விட மாட்டானுங்கம்மா. கோச்சுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன், உனக்கும் எனக்கும் சேத்து டிக்கெட் போடறேன்னாரு. முட்டி மடங்குது. பிள்ளையை நான் பாத்துக்கறேன். நீ சன்னலைப் பாரு." மாமா, மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை, முக்கியமாக நாற்காலியைக் கொடுக்கிற பத்தியை, தயவுசெய்து அடித்துவிடுங்கள். சன்னலைப் பார்க்கிறேன்.