மாப்பிள்ளைக்கு மூன்று கை வந்த விவரம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் நீங்கள் விட்டுப்போன கம்ப்யூட்டரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் குட்டியும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "மாமா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடட்டுமா" என்பீர்கள். கடிதம் என்றால் மீட்டிங் முடியும்வரை பேசாமல் காத்திருக்கும். உங்கள் அம்மா ஏன் கோபித்துக்கொண்டார், சொந்தக்காரர்கள் ஏன் உங்களை ஒருமாதிரி விசாரிக்கிறார்கள் என்று உங்களுக்கு விளங்காமல் இருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். அவசரப்படாமல் படியுங்கள்.

உங்களைப் பார்த்துப் பேசுவதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போனீர்கள். வாரத்தில் ஒரு நாள் பேசுகிறோம். மீதி நாளெல்லாம் அது சும்மா கிடந்தது, நானும் சும்மா கிடந்தேன். ஒரு நாள் எதையோ அழுத்தப்போய் ஒரு பையன் திரையில் வந்து, "வணக்கம் நண்பர்களே, எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்றான். உங்கள் மாமியார் போனபிறகு இந்த வீட்டுக்குள் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "ஆச்சு தம்பி" என்று சொல்லிவிட்டேன். பதில் சொன்னபிறகு பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லையே என்று உட்கார்ந்தேன். போட்டோவில் இருக்கும் ஆளை வெட்டி வேறு போட்டோவில் ஒட்டும் வேலையை அவன் சொல்லிக்கொடுத்தான். மறுநாளும் போனேன். மறுநாளும் அதையே கேட்டான். நான் கிராபிக் டிசைன் படிக்க ஆரம்பித்தது இப்படித்தான். வேறு லட்சியம் எதுவும் கிடையாது.

வெட்டுவது எனக்குப் புதுசா? ரெடிமேட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். ஆனால் அதுவே வினையாகப் போனது. துணியில் தையலுக்கு அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டுவோம். அந்தப் பழக்கத்தில் ஆட்களையும் அரை அங்குலம் விட்டே வெட்டினேன். யாரை எடுத்தாலும் பழைய இடத்தின் சுவரோ மரமோ ஒரு கரை மாதிரி அவரைச் சுற்றிக் கூடவே வந்தது. "ஓரத்தை ஒட்டி வெட்டுங்க நண்பர்களே" என்று அவன் சொல்வான். "ஒட்டி வெட்டினா தையலுக்கு என்ன பண்ணுவே" என்று நான் கேட்பேன். அவன் பாட்டுக்கு அடுத்ததுக்குப் போய்விடுவான். லேயர் என்று ஒன்று இருக்கிறது. மேஜைமேல் அடுக்கடுக்காகத் துணி விரிக்கிற மாதிரிதான், அது சட்டென்று பிடிபட்டது. நிழல்தான் பிடிபடவில்லை. நிழல் போடாவிட்டால் ஆள் தரையில் நிற்க மாட்டாராம், மிதப்பாராம். நான் போட்ட நிழல் ஆளுக்கு ஒரு திசையில் விழுந்தது. ஒரே அறைக்குள் நாலு சூரியன்.

"வெவ்வேற போட்டோல இருக்கிறவங்களை ஒரே இடத்துல உட்கார வைங்க, எனக்கு அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்று ஒரு பயிற்சி கொடுத்தான். எனக்கு யார் இருக்கிறார்கள்? நம் சாப்பாட்டு மேஜையைப் படம் எடுத்தேன். அதற்காக நாற்காலிகள்மேல் கிடந்த பழைய பேப்பரையும் மடிக்காத துணியையும் அள்ளி உள்ளே போட்டேன். நீங்கள் போனபிறகு அந்த நாற்காலிகளைக் காலியாகப் பார்த்ததே அன்றைக்குத்தான். உங்களை ஆபீஸ் விருந்து போட்டோவிலிருந்து கோட்டோடு கொண்டுவந்தேன். மகளை விமான நிலையத்தில் கையாட்டிய போட்டோவிலிருந்து எடுத்தேன். ஆகவே அவள் தண்ணீர் ஜக்கைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருக்கிறாள். குட்டி பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஓடியவள். இடுப்புக்குக் கீழே மேஜை மறைத்துவிட்டதால் சாப்பாட்டுக்குப் பறக்கிறவள் மாதிரி அமைந்துவிட்டாள். உங்கள் மாமியாரையும் சேர்க்கலாம் என்று ஒரு போட்டோவைத் திறந்தேன். அதில் அவளும் நானும் நெருங்கி நிற்கிறோம். அவளைத் தனியாக எடுக்க வேண்டுமானால் என் தோளை வெட்ட வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். என்னைச் சேர்க்க மறந்தே போனேன். போட்டோ எடுத்ததே நான்தான் என்று பிறகு எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பையனுக்கு அனுப்ப வேண்டியதை விரல் தவறி, இரண்டு வீட்டாரும் இருக்கும் நம் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். "எல்லோரும் உட்கார்ந்தாச்சு, எப்படி இருக்கிறது?" என்று எழுதி வேறு. நீங்கள் இருவரும் அந்தக் குழுவிலிருந்து எப்போதோ விலகிவிட்டதால் மறுத்துச் சொல்ல ஆளில்லை. சின்ன போன் திரையில் கரையும் நிழலும் யாருக்குத் தெரிகிறது? அழிக்கலாம் என்று பார்ப்பதற்குள் போன் அடித்தது. வருஷக்கணக்காய்க் கூப்பிடாத என் பெரியப்பா மகன். "என்னப்பா, வீடு கலகலன்னு இருக்கா?" என்றான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மாப்பிள்ளை. "இருக்கு" என்று வந்துவிட்டது. பிறகு வந்த போனுக்கெல்லாம் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பேசிய அளவுக்கு இந்த வருஷம் முழுக்க நான் பேசியதில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் உங்கள் அம்மா பெரிய பையோடு நிற்கிறார்.

"எங்க அவன்? என் வீட்டுக்கு வர லீவு இல்லையாம், மாமனார் வீட்டுக்கு மட்டும் கிடைச்சுதா?"

"வெளிய போயிருக்காங்க சம்பந்தியம்மா. வந்துடுவாங்க."

"வரட்டும்."

உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன், டீ கொடுத்தேன், மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முகத்தைச் சிடுசிடுப்பாக வைத்துக்கொண்டு, கூடவே தலைமுடியையும் சரிசெய்துகொண்டார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மத்தியானம் ஐந்து தட்டு எடுத்து வைத்துவிட்டு, "சம்பந்தியம்மா, யாரும் வரல" என்று சொல்லிக் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். பெரிய திரையில் என் குட்டெல்லாம் வெளியானது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். "என் பையனுக்கு ஏன் மூணு கை?"

"ஒண்ணு பக்கத்துல நின்ன ஆபீஸ்காரர் கை. தோள்ல போட்டிருந்தார். எடுக்க மறந்துட்டேன்."

திட்டட்டும் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பிறகு, "பஸ்ல வழி நெடுக அவனைத் திட்டிக்கிட்டே வந்தேன் சம்பந்தி. என்ன கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சிருந்தேன். ஆனாலும் ஆளைப் பார்த்துடலாம்ல, அதுவே சந்தோஷமா இருந்துச்சு" என்றார்.

இரண்டு பேரும் சாப்பிட்டோம். மீதித் தட்டுகளை அவரே எடுத்து உள்ளே வைத்தார். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "அந்தக் கோட்டு அவனுக்கு எடுப்பா இருக்கு. எப்போ வாங்கினான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

ஆகவே மாப்பிள்ளை, அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். கோபமெல்லாம் இல்லை, கோபம் மாதிரி பேசுவார். கோட்டு வாங்கிய கதையைச் சொல்லுங்கள். லீவுக்காக யாரிடமும் போய் நிற்காதீர்கள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இந்த வெட்டு ஒட்டு வேலையை இன்றோடு விட்டுவிட்டேன். குழுவிலும் உண்மையை நாளைக்கே எழுதிவிடுகிறேன். மகளுக்கு என் அன்பு, குட்டிக்கு முத்தம். உடம்புக்கு ஒன்றும் வராமல், நல்ல மேலதிகாரி வாய்த்து, மூவரும் ஒரே கூரைக்கடியில் நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அம்மாவிடமிருந்து போன். அந்தப் பையனின் பாடத்தை இப்போது அவரும் பார்க்கிறாராம். இன்று காலை உங்களைத் தன் வீட்டு சோபாவில் உட்கார வைத்துக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். விரல் தவறி அல்ல. எத்தனை நாள் இருப்பார்கள் என்று கேட்டவர்களிடம், "இந்த மாசம் முழுக்க இருப்பாங்க, எல்லாரும் வந்து பாருங்க" என்று சொல்லியும்விட்டார். "நீங்க உண்மை கிண்மைன்னு எதையாவது எழுதி வச்சுடாதீங்க சம்பந்தி" என்றார். சரி என்றேன். எனவே மேலே லீவைப் பற்றி எழுதியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். நீங்கள் வந்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. குட்டிக்கு வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு செருப்பு வாங்கி வைக்கலாம் என்று கடைக்குப் போனேன். அளவு கேட்டார்கள். இவ்வளவு இருக்கும் என்று விரலால் காட்டினேன். "அது நடக்கப் பழகுற குழந்தை அளவுங்க" என்றார் கடைக்காரர். சரியான அளவை எழுதி அனுப்புங்கள்.