மாமாவுக்கு நாற்பது பத்திரிகை

நான் படித்த கம்ப்யூட்டர் படிப்பால் பெருமையடைந்தவர் ஒரே ஒருவர். அவரும் என்னை அடிக்கத்தான் வந்தார்.

ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம். கொல்லிமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, அடிவாரத்து ஊரில் ஜாவா படித்தேன். "கிளாஸ்னா வெறும் ஃபாரம். அதை ஒவ்வொருத்தருக்கும் பூர்த்தி பண்ணுனா, ஒவ்வொண்ணும் ஒரு ஆப்ஜெக்ட்" என்றார் மாஸ்டர். எல்லாமே புரிந்துவிட்டது. (அந்த வயதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை.)

அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகை உறைகளில் விலாசம் எழுத உட்கார்ந்தவளிடமிருந்து பேனாவைப் பிடுங்கினேன். 'விருந்தாளி' என்று ஒரு கிளாஸ்; அதில் பெயர், ஊர். நாற்பது உறவினர், நாற்பது ஆப்ஜெக்ட்; விலாசச் சீட்டுகளை அச்சடித்து உறையில் ஒட்டினால் வேலை முடிந்தது. பட்டியலில் கடைசியாக, அப்பா வேண்டாவெறுப்பாகச் சேர்த்த பெயர் வாசலூர்பட்டி மாமா, அம்மாவின் அண்ணன். மிளகுக்கொடித் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் எப்படி?

"ஒட்டறதுக்கு முன்னால ஒருக்கா படிச்சுப் பாரு கண்ணு" என்றாள் அக்கா.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது. நீதான் பண்ணுவே!" என்று எரிந்து விழுந்தேன்.

சென்டரில் எரர் மேல் எரர். கடுப்பில் கீபோர்டைக் குத்தினேன். பெயருக்கும் ஊருக்கும் முன்னால் 'ஸ்டேடிக்' என்று போட்டதும் எல்லா எரரும் ஓடிப்போயின. அப்படிப் போட்டால் அத்தனை ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவாக ஒரே பெயர்தான், கடைசியாகக் கொடுத்ததுதான் நிற்கும் என்று மாஸ்டர் சொன்ன அன்று நான் தூங்கியிருக்க வேண்டும். மலை பஸ் கிளம்பப்போகும் அவசரம். அச்சான சீட்டுகளை ஓர் எழுத்துகூடப் படிக்காமல் ஒட்டி, தபால்பெட்டியில் கொட்டிவிட்டு ஓடினேன்.

நான்காம் நாள் மாமா வந்து, கட்டாகக் கட்டிய உறைகளை அப்பாவின் காலடியில் வீசினார்.

"ஒண்ணு வெச்சா வரமாட்டேன்னு நாப்பது அனுப்புனீங்களா மச்சான்? தபால்காரன் ஊருக்கே காட்டிச் சிரிச்சுட்டுப் போறான்!"

அப்பா ஓர் உறையைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுக்காடா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று செருப்பைத் தேடினார்.

செய்தது நான் என்று புரிந்து என்மேல் கை ஓங்கி வந்த மாமாவே, செருப்பைப் பார்த்ததும் குறுக்கே நின்றார். "உடுங்க மச்சான், கல்யாண ஊட்ல எதுக்கு? இவனுக்கு அறிவு அவ்வளவுதான்."

"அதென்னமோ நெசந்தாங்க" என்றார் அப்பா. இரண்டு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம்!

மாமாவின் பெயர் ஒட்டிய அதே உறைகளோடு திண்ணனூர் நாடு, ஆலத்தூர் நாடு என்று (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒற்றையடிப் பாதைகளில் மூன்று நாள் அலைந்தேன். போன வீடெல்லாம் திட்டு. "அவுரு பேர் போட்டதை எங்களுக்கு நீட்டுனா என்ன மருவாதி?" என்று கதவைச் சாத்திய ஆலத்தூர் நாட்டு அத்தை இன்றும் என்னோடு பேசுவதில்லை.

மாமா பேசுகிறார். எந்த விசேஷத்துக்குப் பத்திரிகை கொடுத்தாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, சபை நடுவே முறைப்பார்:

"மிச்சம் முப்பத்தொம்போது எங்கடா?"