கட்டாது அண்ணாச்சியும் கம்ப்யூட்டர் ராஜாவும்

இராஜபாளையத்தில் சூரியன் கிழக்கே உதிப்பதற்குக்கூட முதல் தடவையிலேயே சம்மதிக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் கட்டாது அண்ணாச்சிதான். நூல் புரோக்கர். யார் எதைச் சொன்னாலும் முதலில் "கட்டாது", அதாவது விலை கட்டுப்படியாகாது, என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் காபியை நீட்டியபோதும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டாராம். அதோடு கல்யாணப் பேச்சும் முடிந்தது.

நூல் வியாபாரம் படுத்த பிறகு என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்து உட்காருவார். ஒருநாள் சும்மா இருக்கிறாரே என்று ஒரு விளையாட்டைக் காட்டினேன். நாம் ஒரு ராஜா, கம்ப்யூட்டர் எதிரி ராஜா. ஊர் கட்டலாம், படை திரட்டலாம், இரும்பு, கம்பளி, உப்பு என்று பண்டமாற்றும் செய்யலாம். அண்ணாச்சி சண்டைப் பக்கமே போகவில்லை. உப்பைக் கொடுத்து இரும்பு கேட்டார். எதிரி ராஜா உடனே சரி என்றான். அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏலே, இவனெல்லாம் ஒரு ராஜாவா? கேட்ட ஒடனே தாரான்! எந்திரிச்சுப் போற மாதிரி பாவலா காட்ட வேண்டாமா?"

அந்த விளையாட்டில் ஒரு ஃபைலைத் திறந்தால் ராஜாவின் குணத்தையே மாற்றலாம். எத்தனை தடவை மறுப்பான், எவ்வளவு இறங்கி வருவான், எல்லாம் வெறும் எண்கள். அண்ணாச்சி சொல்லச் சொல்ல மாற்றினேன். ராஜா மறுத்தான், முறைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான், கடைசியில் கொசுறு கேட்டான். அண்ணாச்சி எழுந்து திரையைக் கும்பிட்டார். அதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்திக்குப் பக்கவாதம் வந்தது. அவரும் நூல் புரோக்கர். வாழ்நாளெல்லாம் அண்ணாச்சியோடு பேரம் பேசிச் சண்டை போட்ட ஒரே சிநேகிதர். வலது கையும் பேச்சும் போய்விட்டன. முயற்சி செய்தால் பேச்சு திரும்பும் என்று டாக்டர் சொல்லியும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

அண்ணாச்சி என்னையும் லேப்டாப்பையும் பஸ்ஸில் ஏற்றினார். "ராஜாவை எளக்கமா வையிலே. வைத்தி என்ன கேட்டாலும் குடுக்கட்டும். பாவம், செயிச்சுட்டுப் போறான்."

வைத்தி இடது கையால் விளையாடினார். கேட்டதெல்லாம் கிடைத்தது. நாங்கள் போன ஒவ்வொரு தடவையும் ஜெயித்தார். ஆனால் ஒருநாள் மவுஸைத் தள்ளிவிட்டு அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார். "கண்டுபிடிச்சுட்டான்லே," என்றார் பிறகு. "கேட்டதெல்லாம் கெடச்சா அது வியாபாரமா? அவனுக்கு நான் பிச்சை போட்டுட்டேன். ராஜாவை என்னைய மாதிரியே வையி. ஈவு இரக்கமே கூடாது."

அடுத்த தடவை ராஜா வைத்தியை வறுத்தெடுத்தான். உப்பு கேட்டால் இல்லை என்றான். இரும்பைப் பாதிக்குக் கேட்டான். வைத்தியின் ஊர்கள் ஒவ்வொன்றாகப் பறிபோயின.

"ஏன் தம்பி, அவியளே முடியாம கெடக்காவ. நீங்க வேற உயிரை வாங்கணுமா?" என்று வைத்தியின் மனைவி என்னைக் கடிந்துகொண்டார்.

அப்போது கட்டில் அதிர்ந்தது. இடது கையால் ஓங்கி அடித்து வைத்தி கத்தினார்: "க... க... கட்டாது!"

படுக்கையில் விழுந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணாச்சி மட்டும் அதட்டினார்: "பொறவு எம்புட்டுக்குலே கட்டும்? வாயைத் தொறந்து சொல்லு!"

மழைக்காலம் வரை அப்படியே போயிற்று. வைத்திக்கு வார்த்தைகள் மெல்ல மெல்ல, பெரும்பாலும் வசவுகளாகவே, திரும்பி வந்தன. பிறகு மறுபடியும் பக்கவாதம் வந்தது. அது எந்தப் பேரத்துக்கும் நிற்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். "ராஜாவை வைத்தி மாதிரி மாத்துலே. மொதல்ல கூடுதலாச் சொல்லுவான். ரெண்டு தடவை மொறைப்பான். பொறவு தானா எறங்கி..."

மாற்றினேன். ராஜாவின் பெயரையும் மாற்றினேன். விளையாட்டு தொடங்கிச் சிறிது நேரத்தில் திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. படித்துச் சொன்னேன்: "வைத்தி உங்களோட பேசணும்னு கேக்காரு அண்ணாச்சி."

கீழே சரி, வேண்டாம் என்று இரண்டு பொத்தான்கள். அண்ணாச்சி எதையும் அழுத்தவில்லை.

"இருக்கட்டும்லே," என்றார். "செத்த நேரம் அவன் அப்படியே நிக்கட்டும்."

கடை சாத்தும் நேரம். பாதி இறக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.