சம்பந்தி சொன்ன மெஷினும் நான் எடுத்த மெஷினும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். தும்மல் மட்டும் நிற்கவில்லை, அதன் காரணம் கீழே வரும். தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாளின் தூக்கமும் ஒரு நிலைக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் பாதியிலேயே "நான் அப்பவே சொன்னேனே" என்பீர்கள். கடிதத்தில் நான் முடித்த பிறகுதான் உங்கள் முறை வரும்.

விஷயம், பிள்ளைகள் வீட்டு முன்னறையின் மரத்தரை. நம் பேத்தி தவழ ஆரம்பித்து, உள்ளங்கையில் சிராய் ஏறி, அதை எடுப்பதற்குள் வீடே இரண்டுபட்டது தங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது சாவியைக் கொடுத்து, தரையைத் தேய்க்க எந்த மெஷின் நல்லது என்று விசாரித்து மட்டும் வையுங்கள், வேலையை வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த 'மட்டும்' என் காதில் ஏறவில்லை. தாங்களோ போனில், கண்ணை மூடிக்கொண்டு உருளை மெஷினை எடுங்கள், மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்றீர்கள். நானும் ஆகட்டும் என்றேன். ஆனால் முப்பத்தோரு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டே சம்பளம் வாங்கினவன், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எப்படித் திரும்புவேன்?

வாடகைக் கடையில் ஓர் அம்மாள் இருந்தார். மெஷின்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். தாங்கள் சொன்னது, வயிற்றில் உப்புத்தாள் சுற்றிய உருளையோடு யானைக்குட்டி மாதிரி நின்றது. பக்கத்தில் ஒரு சதுர மெஷின். அடிப்பலகை முழுக்க உப்புத்தாள், சுவிட்சைப் போட்டால் குளிர்ஜுரம் வந்தவன்போல உடம்பெல்லாம் நடுங்குகிறது. சுவரோரத்துக்கென்று சின்னதாக ஒரு வட்ட மெஷின். எனக்குக் கால் நகரவில்லை. அது ஏன் நடுங்குகிறது, தூசி எந்தப் பையில் போகிறது, பலகையின் நீளவாக்கில் ஓட்டுவதா குறுக்கே ஓட்டுவதா, மரம் வைரம் பாய்ந்ததாக இருந்தால் தாள் சீக்கிரம் தேயுமா என்று கேட்டுக்கொண்டே போனேன். பின்னால் நின்ற பெயிண்டர் தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் முடித்தார்: "வேலை சட்டுனு முடியணும்னா உருளை, சார். தரை மிஞ்சணும்னா சதுரம்." உருளை ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றாலும் பள்ளம் விழுந்துவிடுமாம். தங்கள் பேச்சைத் தட்டவேண்டும் என்றில்லை, சம்பந்தி; அடுத்தவர் வீட்டுத் தரையாயிற்றே என்று பயந்து சதுரத்தையும் வட்டத்தையும் எடுத்தேன்.

தாள் எந்த நம்பர் வேண்டும் என்றார். அத்தனை கேள்வி கேட்டவன், பெயிண்டருக்கு வெட்கப்பட்டு இதை மட்டும் கேட்கவில்லை. கண்ணாடியில் நம்பர் ஏற ஏறத்தானே ஆள் கஷ்டம்? அதனால் இருப்பதிலேயே சின்ன நம்பராக, சாதுவாக இருக்கட்டும் என்று இருபத்துநான்கைக் கேட்டு வாங்கிவந்தேன். உப்புத்தாளில் கணக்கு தலைகீழ், சின்ன நம்பர்தான் முரடு என்பது, அறையைச் சதுர மெஷினால், தூசியில் தும்மித் தும்மி, ஒரு சுற்றுத் தேய்த்து, பூனைப்படை ஒன்று பிராண்டிவிட்டுப் போனமாதிரி ஆன பிறகுதான் புரிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஓரத்தையும் ஒரு கை பார்ப்போம் என்று வட்ட மெஷினை ஜன்னலடியில் வைத்தேன். பழைய வார்னிஷ் உரிந்து, அடியிலிருந்து தேன் நிறத்தில் ஒரு மரம் எழுந்து வந்தது பாருங்கள், இத்தனை நாள் இந்த அழகையா மிதித்துக்கொண்டிருந்தோம் என்று குனிந்து ரேகைகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மெஷின் சும்மா இருக்கவில்லை.

என் மனைவி வந்து நின்று பார்த்தாள். "குழந்தைக்குக் கையில சிராய் ஏறக்கூடாதுன்னுதானே ஆரம்பிச்சீங்க? இப்ப குழந்தையே இந்தப் பள்ளத்துக்குள்ள விழுந்தா யார் எடுக்கிறது?" என்றாள். கிண்ணமளவு பள்ளத்தைச் சமன்செய்ய அக்கம்பக்கத்தைத் தேய்த்தேன், தட்டளவு ஆயிற்று. தட்டைச் சரிசெய்யப் போய்த் தாம்பாளமளவு ஆயிற்று. கடை அம்மாளுக்குப் போன் செய்தால், "சார், தயவுசெஞ்சு சுவிட்சை நிறுத்திட்டுக் கீழே வைங்க" என்றார். அலமாரியை அதன்மேல் நகர்த்தி மறைத்தோம். அது ஒரு பக்கம் சாய்ந்து, கதவு தானாகத் திறந்து திறந்து யாரையோ 'வா, வா' என்கிறது.

ஆகவே சம்பந்தி, மறைக்காமல் சொல்லிவிட்டேன். குற்றம் சதுரத்தின்மேலும் இல்லை, வட்டத்தின்மேலும் இல்லை. தங்கள் யானைக்குட்டியையே எடுத்திருந்தாலும் நான் நானாகத்தான் இருந்திருப்பேன். மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் மூன்று நாளாக யோசனை. அவரிடம் பக்குவமாகத் தாங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். பெற்ற அப்பா சொன்னால் கோபம் பாதியாவது குறையும். என் பங்குக்கு, இனி ஜென்மத்துக்கும் மெஷின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். வீட்டில் சின்னவர்களுக்கு எங்கள் ஆசி.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் மாப்பிள்ளையே கூப்பிட்டார். "மாமா, மெஷின் எதுவும் விசாரிக்க வேணாம். அந்த ரூம் முழுக்கக் கம்பளம் ஒட்டச் சொல்லிட்டேன், வியாழக்கிழமை ஆள் வருவாங்க" என்றார். எனவே தாங்கள் அவரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். ஆனால் அந்த உருளை உண்மையிலேயே ஒரே நாளில் முடித்துவிடுமா என்பது எனக்கு மண்டையைக் குடைகிறது. கடையில் கேட்டுவிட்டேன், புதன்கிழமை அது சும்மாதான் நிற்கிறதாம். என் மனைவிக்கு அன்று பல் வைத்தியரிடம் போகவேண்டியிருக்கிறது. பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு, காலையிலேயே வந்துவிடவும்.